கார் என்னும் பெயர் யாருக்கு?

எள் என்னும் சொல்லும் நெய் என்னும் சொல்லும் புணர்ந்து எண்ணெய் ஆயிற்று என்பதைப் பள்ளியில் தமிழ் பயின்ற யாவரும் அறிவர். ஆகவே எண்ணெய் என்றால் எள்ளை ஆட்டி எடுத்த நெய் ஒன்றே. தொடக்கத்தில் அதற்கு அடைமொழி ஏதும் தேவைப்படவில்லை. பின்னர்த் தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் ஆமணக்கிலிருந்தும் எடுத்தவற்றையும் மக்கள் எண்ணெய் என்றே வழங்கத் தலைப்பட்டனர். நிலத்தடியிலிருந்து வந்து விளக்கில் புகுந்ததையும் மண்ணெண்ணெய் என்றனர். வந்தவையெல்லாம் பெயரைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, அப்பெயருக்கு முழு உரிமை பூண்டிருந்த எள்ளின் நெய்க்கே ஓர் அடைமொழி சூட்ட வேண்டிய நிலை வந்தது. அதுவே நல்லெண்ணெய்.

அன்று எண்ணெய்க்கு நேர்ந்தது இன்று காருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் ‘கார்’ என்று சொன்னால், பெட்ரோலோ டீசலோ குடித்து ஓடும் வண்டி என்பது சொல்லாமலே விளங்கிற்று. மின்கலத்தால் ஓடும் வண்டிகள் தெருவுக்கு வந்தபோது, புதியவை என்பதால் அவையே அடைமொழியைச் சுமந்தன: மின்சாரக் கார், பேட்டரி கார். இன்றோ, கார் வாங்கியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னவுடன் “பெட்ரோலா, கரண்டா?” என்று எதிரிலிருப்பவர் கேட்கிறார். அக்கேள்வி பிறந்தபோதே பழைய வண்டி தன் தனிப்பெயரை இழந்துவிட்டது. இனி அதற்கும் ஓர் அடைமொழி வேண்டும். எந்த அடைமொழி என்பதில் உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கத் தக்கதுமன்று. வரி, சட்டம், சாலையில் ஓடும் உரிமை ஆகிய யாவும் அந்தச் சொல்லின் பின்னே வந்து நிற்கின்றன. வண்டியைப் பழுது பார்த்தும் உதிரிப் பொருள் விற்றும் பிழைக்கும் குடும்பங்களும் நிற்கின்றன.

இவ்வாறு பழைய பொருளுக்குப் பின்னாளில் சூட்டப்படும் பெயருக்கு ஆங்கிலத்தில் ‘ரெட்ரோனிம்’ என்று ஒரு பெயர் உண்டு. அமெரிக்க நாட்டின் தேசியப் பொது வானொலி நிறுவனத்திற்குத் தலைவராக இருந்த ஃபிராங்க் மான்கீவிச் என்பார் ஆக்கிய சொல் அது. ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏட்டில் மொழி பற்றிக் கிழமைதோறும் எழுதிவந்த வில்லியம் சஃபயர் 1980ஆம் ஆண்டில் அதனை எடுத்து எழுதிப் பரப்பினார். நாம் அதனைப் பின்பெயர் எனலாம். பெயருக்குப் பெயர் வந்தது அப்போதுதான் என்றாலும் செயல் மிகப் பழையது. ஆலைத் துணி வந்தபின் தறி கைத்தறி ஆயிற்று. வெள்ளைச் சீனி வந்தபின் சர்க்கரை நாட்டுச் சர்க்கரை ஆயிற்று. பிராய்லர் கோழி கூண்டோடு வந்திறங்கியபின் நம் வீட்டு முற்றத்தில் மேய்ந்த கோழி நாட்டுக்கோழி ஆயிற்று. பேசும் படம் வருமுன் ஊமைப் படம் என்று எவரும் சொன்னதில்லை. அதுவரை அது வெறும் படம். 1914இல் தொடங்கிய போரை அக்காலத்தவர் ‘பெரும் போர்’ என்றே அழைத்தனர். அதனினும் பெரிய போர் 1939இல் மூண்ட பிறகே அது முதலாம் உலகப் போர் ஆயிற்று.

பின்பெயரில் இருவகை உண்டு என்பதை ஈண்டு நோக்கவேண்டும். நல்லெண்ணெய், நாட்டுக்கோழி என்பவற்றில் பழையது உயர்த்தப்படுகிறது, விலையும் கூடுகிறது. ஊமைப் படம் என்பதிலோ பழையது குறையுள்ளதாகக் காட்டப்படுகிறது. படம் ஊமையாக இருந்ததாக அதனைப் பார்த்தவர் எவரும் அந்நாளில் வருந்தவில்லை. கைத்தறி என்னும் பெயர் இவ்விரண்டையும் கடந்து சட்டத்திற்குள்ளேயே நுழைந்தது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்தப் பின்பெயர் இல்லாவிடில், எந்தத் தறிக்கு ஒதுக்கீடு என்று எழுதவே சட்டத்தில் சொல் இருந்திராது. பெட்ரோல் காருக்கு வரப்போகும் பெயர் எவ்வகையில் சேரும் என்பதே கேள்வி.

இனி வரலாற்றுக்கு வருவோம். அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெட்ரோல் கார் அடைமொழி சுமப்பது இது முதல் முறையன்று.

1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட வண்டிகளின் கணக்கு அந்நாட்டுக் குடிக்கணக்குப் பதிவில் உள்ளது. மொத்தம் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே. மூன்றில் கடைசி இடம் பெட்ரோலுக்கு! ஆகவே அக்காலத்தில் வண்டி என்று மட்டும் சொன்னால் எது என்று எவருக்கும் விளங்காது. நீராவி வண்டி, மின்சார வண்டி, கேசலின் வண்டி என்று மூன்றும் சரிசமமாக அடைமொழி தாங்கி நின்றன. வேகத்திலும் பெட்ரோல் முந்தவில்லை. 1899 ஏப்ரல் 29 அன்று பாரிசுக்கு அருகே அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி வெடிகுண்டு போன்ற வடிவுடைய ஒரு மின்சார வண்டியை மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சாலை வண்டி ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்தது அதுவே முதல் முறை. அதற்கு ஈராண்டு முன்பே, 1897இல், இலண்டன் தெருக்களில் வால்டர் பெர்சியின் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. அவற்றின் ரீங்கார ஒலியையும் மஞ்சளும் கறுப்புமான நிறத்தையும் கண்ட இலண்டன் மக்கள் அவற்றுக்கு ரீங்காரச் சிட்டு என்று செல்லப்பெயர் இட்டனர். சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடிற்று என்பதையும் நினைவில் கொள்ளலாம். மின்சாரத்தால் சாலையில் ஊர்வது புதுமை என்று நாம் இன்று எண்ணுவது வரலாற்றை மறந்ததன் விளைவு.

மூன்று வகைக்கும் பொதுப்பெயர் ஒன்று காண அக்காலத்தவர் பட்ட பாடு சுவையானது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் முதலில் வழங்கியது ‘குதிரையில்லா வண்டி’ என்பது. இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லும் பெயர்! 1895இல் நியூயார்க்கில் தோன்றிய ஓர் இதழுக்கே ‘குதிரையில்லாக் காலம்’ என்னும் பொருளில் பெயர் வைத்தனர். அதே ஆண்டில் சிகாகோவின் ‘டைம்ஸ் ஹெரால்டு’ நாளேடு ஒரு வண்டிப் பந்தயம் நடத்தியது. பந்தயத்தோடு, இப்புதிய வண்டிக்குத் தக்க பெயர் சொல்பவருக்கு 500 டாலர் பரிசு என்றும் அறிவித்தது. பரிசு பெற்ற பெயர் ‘மோட்டோசைக்கிள்’. நவம்பர் 28 அன்று நடந்த பந்தயத்தில் வென்ற ஃபிராங்க் டூரியேயின் வண்டி நான்கு சக்கரம் கொண்டது. பரிசுப் பணம் கைமாறியது, பெயர் நிலைக்கவில்லை. பின்னர் ஏறக்குறைய அதே பெயர் இருசக்கர வண்டியிடம் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் ‘ஆட்டோமொபைல்’ என்றனர். தானே என்பதற்குக் கிரேக்கச் சொல், நகர்வது என்பதற்கு இலத்தீன் சொல். இரண்டையும் ஒட்டிய கலப்பு. 1899இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கம் எழுதி அந்தக் கலப்பு மணத்தைக் கண்டித்தது. அச்சிடவே கூசும் சொல் என்ற அளவுக்கு அவ்வேடு வெறுத்தது. இன்று அச்சொல்லின் முற்பாதி நம் ஊர்களில் மூன்று சக்கர வண்டிக்குப் பெயராகி, கிரேக்கம் அறியாத குழந்தையும் ‘ஆட்டோ’ என்கிறது. தலையங்கங்களுக்குத் தெரு பணிவதில்லை.

பெயரால் வரும் இடர் எத்தகையது என்பதை இங்கிலாந்தில் காணலாம். அங்கே 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சாலையில் தானே நகரும் எதனையும் ‘லோகோமோட்டிவ்’ என்று அழைத்தது. அது பூதம் போன்ற நீராவி இழுவைப் பொறிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்பது வேக வரம்பு. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் செங்கொடி ஏந்தி நடக்கவேண்டும். செங்கொடிக் கட்டாயம் 1878இல் தளர்ந்தது; ஆள் நடக்கும் கட்டாயம் போகவில்லை. பின்னர் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இலகுவான சிறு வண்டிகள் வந்தன. அவற்றைச் சேர்க்கச் சட்டத்தில் வேறு பெயர் இல்லை. ஆகவே அவையும் ‘லோகோமோட்டிவ்’ ஆயின. 1896 சனவரியில் கென்ட் மாவட்டத்தின் பேடக் வுட் என்னும் ஊரில் வால்டர் அர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் வண்டி ஓட்டிச் சென்றார். மிதிவண்டியில் துரத்திச் சென்ற காவலர் அவரைப் பிடித்தார். வேகத்திற்காக ஒரு ஷில்லிங் தண்டம். முன்னால் ஆள் நடவாமைக்கும் பிறவற்றுக்கும் தனியே தண்டம். அவ்வாண்டு நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டம் செய்த சீர்திருத்தம் என்ன தெரியுமா? மூன்று டன்னுக்குக் குறைந்த வண்டிகளுக்கு ‘இலகு லோகோமோட்டிவ்’ என்று பெயர் சூட்டியதுதான். ஓர் அடைமொழி சேர்ந்ததும் முன்னால் நடந்த ஆள் விலகினார். வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. விடுதலை கிடைத்த அன்றே வண்டிக்காரர்கள் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலம் போனார்கள். 1903ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வண்டியை ‘மோட்டார் கார்’ என்று முறையாக அழைத்தது. வண்டிகளுக்குப் பதிவெண் வந்ததும் அச்சட்டத்தால்தான்.

‘கார்’ என்னும் சொல்லும் புதியதன்று. கெல்ட்டிய மக்களின் சக்கர வண்டிக்கு வழங்கிய பெயர் இலத்தீன் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அஃதாவது, குதிரையும் மாடும் இழுத்த வண்டியின் பெயரையே புதிய வண்டி எடுத்துக்கொண்டது. பல மொழிகள் இவ்வாறே செய்துள்ளன. துருக்கியர் பாரவண்டிக்குச் சொன்ன ‘அரபா’ இன்று அவர்களுக்குக் கார். உருதுவில் ‘காடி’ அவ்வாறே. மலாய் மொழி போர்த்துகீசியரிடம் பெற்ற ‘கெரெத்தா’ மாட்டுவண்டியாக இருந்து மலேசியாவில் காராகிவிட்டது. மாட்டை இன்று தனியே சொல்லவேண்டும். தமிழில் மட்டும் என்ன? வண்டி என்றால் காளை பூட்டியது என்றிருந்த காலம் போய், இன்று நகரத்து இளைஞன் “வண்டியை எடு” என்றால் ஸ்கூட்டரின் சாவியைத் தேடுகிறோம். காளை பூட்டியது மாட்டு வண்டி என்னும் பின்பெயரோடு ஒதுங்கிற்று.

அரபு மொழியின் வழி இவற்றுள் அழகு மிக்கது. இன்று அரபு நாடுகளில் காருக்குப் பெயர் ‘சைய்யாரா’. பொருள் தேடி வளைகுடாவுக்குச் சென்று திரும்பிய நம் உறவினர் பலர் வாயில் இச்சொல் சரளமாக வரும். ஆனால் இச்சொல்லை முதலில் அவர்கள் கேட்டது அங்கேயன்று. திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில், கிணற்றில் தள்ளப்பட்ட சிறுவர் யூசுஃபைக் கண்டெடுத்த வழிப்போக்கர் கூட்டத்தைக் குறிக்க வந்திருப்பதும் இதே சொல்தான். சைய்யாரா என்றால் இடையறாது செல்வது, செல்லும் கூட்டம், சாத்து. வானில் அலையும் கோள்களையும் அரபு அறிஞர் இச்சொல்லால் குறித்தனர். இருபதாம் நூற்றாண்டில் புதிய ஊர்திக்குப் பெயர் தேடியபோது பிறமொழிச் சொல்லைக் கடன் வாங்காமல் இந்தப் பழஞ்சொல்லுக்கே சாவி கொடுத்து ஓடவிட்டனர். ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்த ஒட்டகங்களின் வரிசை ‘கித்தார்’. இன்று அது ரயில். இப்பெயர்களில் எரிபொருள் இல்லை, எஞ்சினும் இல்லை, செல்லுதல் ஒன்றே உண்டு. ஆகவே மின்சாரம் வந்தாலும் சைய்யாரா சைய்யாராவே. மின்சாரத்தைக் குறிக்கும் ‘கஹ்ரபா’ என்னும் அடையை வேண்டுமிடத்தில் சேர்த்தால் போதும். அந்த கஹ்ரபாவும் பாரசீகத்திலிருந்து வந்தது. தேய்த்தால் துரும்பை இழுக்கும் நிமிளைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘துரும்பு கவர்வது’. கிரேக்கரும் நிமிளையின் பெயராகிய ‘எலெக்ட்ரான்’ என்பதிலிருந்தே மின்சாரத்தின் பெயரை உலகுக்கு வழங்கினர்.

எரிபொருளின் பெயரால் வண்டியை அழைக்கலாம் என்போர் அந்த எரிபொருளின் பெயர்களையே சற்று ஆராய்ந்து பார்க்கவேண்டும். கார்ல் பென்ஸ் 1886 சனவரி 29 அன்று தம் மூன்று சக்கர வண்டிக்கு 37435 என்னும் எண்ணுள்ள காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, அதில் பெட்ரோல் என்ற பேச்சே இல்லை; ‘வாயு எஞ்சினால் இயங்கும் ஊர்தி’ என்றே எழுதினார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரு மைந்தரை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்க விற்கும் ‘லிக்ரோயின்’ என்னும் நீர்மத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் ஒரு மருந்துக் கடை என்று அவ்வூரார் இன்றும் பெருமை பேசுகின்றனர். ‘பெட்ரோல்’ என்பதோ இலண்டனின் கார்லெஸ், கேப்பல் அண்டு லெனார்டு என்னும் நிறுவனம் 1890களில் தன் சரக்குக்கு இட்ட வணிகப் பெயர். அதைத் தனியுரிமையாக்க அந்நிறுவனம் முயன்றும் இயலாமற் போயிற்று, பெயர் பொதுவாகிவிட்டது. அமெரிக்கர் அதே நீர்மத்தைக் ‘கேஸ்’ என்பர். ஊற்றினால் ஒழுகும் ஒன்றை வாயு என்று அழைப்பதில் அவர்களுக்குக் கூச்சம் ஏதுமில்லை.

ஜெர்மானியர் சொல்லும் ‘பென்சின்’ என்பதைக் கேட்டவர் பலர் அது கார்ல் பென்ஸ் பெயரால் வந்தது என்று எண்ணுவர். உண்மை வேறு. பென்ஸ் பிறந்தது 1844இல். அதற்குப் பதினோராண்டு முன்பே, 1833இல், மிட்செர்லிக் என்னும் வேதியியலார், ஒரு வகைப் பிசினிலிருந்து கிடைக்கும் அமிலத்தைச் சுண்ணாம்போடு வடித்து ஒரு நீர்மம் கண்டு, அப்பிசினின் பெயராலேயே அதற்குப் பென்சின் என்று பெயரிட்டார். பிசினின் ஐரோப்பியப் பெயர் ‘பென்சோயின்’. அதன் மூலம் அரபுச் சொல்லாகிய ‘லுபான் ஜாவீ’. ஜாவாவின் நறும்பிசின் என்பது பொருள். அரபு வணிகர் சுமத்திராவையும் ஜாவா என்றே வழங்கினர். பதினான்காம் நூற்றாண்டில் அத்தீவைக் கண்ட இப்னு பதூதா, நறும்பிசினுக்குப் பெயர் தந்த நாடு அது என்று குறித்துள்ளார். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் ‘லுபான்’ என்பதன் முதலெழுத்தைத் தம் மொழியின் சுட்டுச்சொல் என்று கருதி ஐரோப்பியர் உதறிவிட்டனர். எஞ்சியது பென்ஜாவி, பென்ஜுவி, பென்சோயின். நம் வீடுகளில் தணலில் இட்டுப் புகைக்கும் சாம்பிராணியே அப்பிசின். சாம்பிராணியின் அரபுப் பெயர் ஜெர்மனியின் பெட்ரோல் நிலையத்துப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் நம்புவோர் சிலரே.

இனி, பெட்ரோல் கார் தன் அடைமொழியை எவ்வாறு உதிர்த்தது? 1901இல் டெக்சாசின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டெழுந்தது, எரிபொருள் மலிந்தது. 1908இல் ஹென்றி ஃபோர்டு 850 டாலருக்கு விற்ற ‘மாடல் டி’, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கிற்று. பெட்ரோல் வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பவேண்டியிருந்த தொல்லை, 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சாரத் தொடக்கி வந்தவுடன் தீர்ந்தது. மின்சார வண்டியை வீழ்த்தியதில் மின்சாரத்திற்கும் பங்குண்டு! நகருக்கு வெளியே மின்சாரம் இல்லை. தொலைதூரம் போக மின்கலத்தில் வலுவும் இல்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’ வண்டியை ஓட்டியவர். அந்நிறுவனமும் 1939இல் ஒடுங்கிற்று. எதிரிகள் இருவரும் களத்தை விட்டகன்றபின் அடைமொழி எதற்கு? கார் என்றால் பெட்ரோல் கார் என்றாயிற்று. இன்று நாம் காண்பது அந்தப் பழைய மும்முனைப் போட்டியின் மறுபதிப்பே. நீராவி ஒன்றுதான் குறைவு.

ஐரோப்பாவில் இன்று வழங்கும் பெயர்களைப் பார்த்தால் ஒவ்வொரு நாட்டின் மனநிலையும் விளங்கும். 2024ஆம் ஆண்டில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரமாக இருந்த நார்வே நாட்டில், மற்றதற்கு ‘பாசில் கார்’ என்று பெயர். புதைபடிவ எரிபொருளைக் குறிப்பதாகச் சொன்னாலும், கேட்பவர் காதில் காலங்கடந்த எலும்புக்கூடு என்றே விழும். ஜெர்மனியில் ‘ஃபெர்பிரென்னர்’, அஃதாவது எரிப்பான். பிரான்சில் ‘வெப்பக் கார்’. மருத்துவர் எழுதிய பெயர்போல் நடுநிலையானது. சீனர் ‘எரியெண்ணெய் வண்டி’ என்கின்றனர். மறுபக்கத்தை ‘புது ஆற்றல் வண்டி’ என்கின்றனர். அங்கே 2024 சூலையில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் இரண்டாம் வகை. ஆனால் அந்தப் ‘புது ஆற்றல்’ கூடையில் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்த கலப்பு வண்டிகளும் அடங்கும் என்பதை எண்ணிக்கையைப் படிப்போர் மறந்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் உள்ளெரி எஞ்சின் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஐஸ்’ என்கின்றனர். உள்ளே தீ வைத்து ஓடும் வண்டிக்குப் பனிக்கட்டி என்று பெயர்!

ஜெர்மானியரின் எரிப்பான் என்னும் சொல் அரசியலையே அசைத்தது. 2035 முதல் புதுக் கார்களின் கரியமில வாயு வெளியீடு சுழியமாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்தது. விதியில் எஞ்சினைத் தடைசெய்யும் சொல் இல்லை. வாயுவின் அளவே உண்டு. தெருப்பேச்சிலும் தேர்தல் மேடையிலும் அது ‘எரிப்பான் தடை’ என்று பெயர் பெற்றது. பெயர் வந்ததும் அதனை எதிர்க்கவும் ஆதரிக்கவும் எளிதாயிற்று. கரியமிலச் சுமை சேர்க்காத செயற்கை எரிபொருளில் மட்டும் ஓடும் எரிப்பானுக்கு வழிவிடவேண்டும் என்று ஜெர்மனி வற்புறுத்தி, அவ்வாண்டு மார்ச்சில் உறுதிமொழி பெற்ற பிறகே விதிக்கு இசைந்தது. பின்னரும் விதியைத் தளர்த்தும் பேச்சு ஓயவில்லை. எஞ்சின் தொழிற்சாலைகளை நம்பி வாழும் நகரங்களில் அச்சொல்லைக் கேட்டவர், தம் வீட்டு அடுப்பைப் பற்றிய பேச்சாகவே அதைக் கேட்டனர்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் முன்யோசனை உடையது எனலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் எரிபொருளைப் பெயரில் சேர்க்கவில்லை. இயந்திர விசையால் சாலையில் ஓடுவது, விசை உள்ளிருந்து வந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும், மோட்டார் வாகனமே என்றது. ஆனால் விதிகளில் பிரிவு வந்தது. 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய மின்கல வண்டி மோட்டார் வாகனமே அன்று. அதற்குப் பதிவும் வேண்டா, உரிமமும் வேண்டா. பின்னர் 2018 ஆகஸ்டில் மின்கல வண்டிகளுக்குப் பச்சை நிற எண்பலகை விதிக்கப்பட்டது. பெட்ரோல் கார் தன் வெள்ளைப் பலகையோடு நின்றது. பச்சை சிறப்பு, வெள்ளை இயல்பு. அதே மாதத்தில் தில்லித் தலைநகர் வட்டார வண்டிகளுக்கு உச்ச நீதிமன்றம் வேறோர் அடையாளத்தை ஏற்றது: பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் இளநீல ஒட்டுவில்லை, டீசலுக்குச் செம்மஞ்சள். காற்று நஞ்சாகும் நாட்களில் எவ்வண்டியை நிறுத்துவது என்று காவலர் தொலைவிலிருந்தே அறிவதற்காக. அடைமொழி வாயால் சொல்லப்படுமுன் கண்ணாடியில் ஒட்டப்பட்டுவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? இதற்கு விடை தேடுமுன் புகைவண்டியை நினைக்கவேண்டும். நீராவி எஞ்சின் புகை கக்கியதைக் கண்டு நம் முன்னோர் அப்பெயர் சூட்டினர். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. புகை போயிற்று, பெயர் போகவில்லை. புகையே காணாத தலைமுறையும் பாடநூலில் புகைவண்டி நிலையம் என்று படித்தது. தொடர்வண்டி என்று அறிஞர் திருத்தினர். மக்கள் ரயில் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டனர். ஒரு வண்டியை அதன் கழிவால் அழைப்பது இத்தகைய சங்கடத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே பெட்ரோல் காரைப் ‘புகைக்கார்’ என்று அழைக்கலாம் என்று சிலர் கூறுவதை நான் ஏற்கேன். ‘பழைய கார்’ என்பதும் பொருந்தாது. பழைய கார் என்றால் ஒருவர் ஓட்டி விற்ற கார் என்பது சந்தையின் பொருள். கடையிலிருந்து நேற்று இறங்கிய பெட்ரோல் காரைப் பழைய கார் என்றால், வாங்கியவர் சண்டைக்கு வருவார். ‘மரபுக் கார்’ என்பது மிகை. 1900ஆம் ஆண்டுக் கணக்கின்படி மின்சார வண்டிக்கும் அதே மரபு உண்டு.

‘பெட்ரோல் கார்’ என்றே விட்டுவிடலாமே எனலாம். பெரும்பாலும் மக்கள் அப்படித்தான் விடுவர். டீசலும் எரிவாயுவும் அதில் அடங்கா என்பதே குறை. எனக்குத் தோன்றுவது ‘எஞ்சின் கார்’ என்பது. நம் மக்கள் அறியாமலே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காத்து வந்துள்ளனர்: கிணற்றில் நீர் இறைக்க டீசலில் ஓடுவது எஞ்சின், மின்சாரத்தில் ஓடுவது மோட்டார். உழவர் எவரும் இரண்டையும் குழப்பார். இந்த வழக்கின்படி பார்த்தால், நூறாண்டாக நாம் மோட்டார் கார் என்று அழைத்தது எஞ்சின் கார். உண்மையான மோட்டார் கார் இப்போதுதான் வந்திருக்கிறது. எஞ்சின் என்னும் சொல்லில் இகழ்ச்சியில்லை, புகழ்ச்சியும் இல்லை. பட்டறையில் கை கறுத்து உழைப்பவருக்கும் அது அந்நியமன்று. தூய தமிழ் விழைவோர் பொறியுந்து என்று எழுதிக்கொள்ளட்டும். மகிழுந்து என்று எழுதிவிட்டுக் கார் என்று பேசுவோர்தாமே நாம். கிராமங்களில் முன்பு காரைப் ‘பிளசர்’ என்பார்கள். இன்ப உலாவுக்குரிய வண்டி என்னும் ஆங்கிலத் தொடரின் முற்பாதி அது. மகிழுந்து என்பதிலும் அந்த மகிழ்ச்சியே ஒட்டியிருக்கிறது. பிளசர் எதனைக் குடித்து ஓடியது என்று அவர்கள் கேட்டதில்லை.

எஞ்சின் கார் என்னும் பெயரும் ஓரிடத்தில் இடறும். கலப்பு வண்டியில் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. 1997இல் ஜப்பானில் டொயோட்டா ‘பிரியஸ்’ காரை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த இரட்டைப் பிறவி எப்பக்கம் சேரும் என்ற வழக்குத் தீரவில்லை. சீனத்தில் செருகி மின்னேற்றும் கலப்பு வண்டி புது ஆற்றல் பக்கம். நம் நாட்டில் சரக்கு, சேவை வரியைப் பொறுத்தவரை அது எஞ்சின் பக்கமே. மின்கலத்தால் மட்டும் ஓடும் வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் 5 விழுக்காடு வரி. மற்றவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சிறியதாயின் 18, பெரியதாயின் 40. கலப்பு வண்டி வாங்குபவர் மோட்டாரைக் காட்டி வாதாடிப் பயனில்லை. எஞ்சினின் கொள்ளளவையும் வண்டியின் நீளத்தையும் அளந்தே அவருக்கு வரி கணக்கிடப்படுகிறது.